ஆடிக் காத்துல அணைச்ச லைட்டு

கூழு குடிக்க வந்திருக்கிற அண்ணன்மாரே, அக்காமாரே, நான் பேச எழுந்தாலே சிரிக்க ரெடியா இருப்பீங்க. இன்னிக்கு வேணாம். மாரியம்மா எனக்கு செஞ்சத சொல்லணும்.

போன ஆடில எங்க மாமா, அக்கா வூட்டுக்காரரு, சாவக் கெடந்தாரு. நான்தான் காரணம்.

மாமாவுக்கு சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்துல அண்டர்கிரவுண்டு வேலை, கேஜுன்ற லிப்டுலதான் எறங்கி ஏறணும். ஷிப்டு முடிஞ்சு பழைய மோட்டார் சைக்கிள்ல வருவாரு. ஆடிக் காத்துல, தங்கம் எடுத்துட்டுக் கொட்டுன சைனட் மேட்டு மண்ணு ரோட்டு மேல பறக்கும் இல்ல, எதிர்ல மாடு வந்தாக்கூட தெரியாது. அதனால மதியானத்துலயும் லைட்டு போட்டுக்குவாரு.

அன்னிக்கு டீக்கடை பெஞ்சில கூட்டாளிங்களோட உக்காந்திருந்தேன். அங்க காத்தே இல்ல, சுள்ளுனு வெயிலு. மாமா வண்டி வந்துச்சு. லைட்டு எரியுதுன்னு கைய விரிச்சு மூடி, விரிச்சு மூடி சைகை காட்டுனேன்.

"மாமா! கேஜு மேல வந்துடுச்சு, எறங்குங்க! இன்னும் சுரங்கத்துலயே கீறதா நெனப்பா?"

"சும்மா கெடடா"ன்னாரு.

"அக்காவத் தேடிக்கினு போறீங்களா? டார்ச்சு தரட்டா?"

பெஞ்சே சிரிச்சுது. மாமா கூச்சப்படற ஆளு. லைட்ட அணைச்சுட்டுப் போயிட்டாரு.

நாங்க சிரிச்சு முடிக்கல. மேட்டு வளைவுல மண்ணு கெளம்பிச்சு. எதிர்ல வந்த லாரிக்காரன் அவரப் பாக்கவேயில்ல. சத்தம் கேட்டு ஓடுனேன்.

ஆஸ்பத்திரில மாமா கண்ணத் தொறக்கல. அக்கா என் கையப் புடிச்சுக்கினு, "நீ ஒருத்தன்தான்டா எனக்கு"ன்னு அழுவுது. இதே கோயில் வாசல்ல வந்து விழுந்தேன். எனக்கு மந்திரம் ஒண்ணும் தெரியாது. "தாயே, என் வாயி பண்ணுன பாவம். அவர உட்டுடு. என்ன எடுத்துக்கோ." அவ்ளோதான் சொன்னேன்.

மறுநாள் காலைல மாமா கண்ணத் தொறந்தாரு. டாக்டரே நம்பல. இப்ப காலு கொஞ்சம் இழுக்குது, அவ்ளோதான்.

ஆனா போலீஸ்காரரு வந்து ஏன் லைட்டு போடலன்னு கேட்டப்போ மாமா இன்னா சொன்னாரு தெரியுமா? "பல்பு போயிடுச்சுங்க." என்னப் பாத்துக்கினேதான் சொன்னாரு. எங்க அக்கா இன்னி வரைக்கும் அந்த பல்பத் திட்டுது. அது திட்டுறப்போல்லாம் எனக்கு சோறு எறங்காது.

அதுக்கப்புறம் தாயிகிட்ட தைரியம் மட்டுந்தான் கேட்டேன். இன்னிக்கு குடுத்துட்டா.

அக்கா, அங்க கூழு மொண்டுக்கினு கீறியே, கேளு. பல்பு நல்லாத்தான் இருந்துச்சு. நான்தான் கேலி பண்ணி அணைக்க வெச்சேன்.

மாரியம்மாவ நம்புங்க எல்லாரும். பாவம் பண்ணவன் கூப்ட்டாலும் வருவா. காத்தடிக்கிற நாள்ல பகல்லயே லைட்டு போட்டுக்கினு போங்க, எவன் சிரிச்சாலும் அணைக்காதீங்க.

அக்கா கரண்டியோட வருது. நான் நவுர மாட்டேன்.