என் வீட்டுக்காரரின் லெஃப்ட் அவுட்

இலத்தூரிலிருந்து தென்காசிக்கு நான் மருமகளாக வந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. அவர் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தர். ஐந்து மணிக்கு வேலை முடியும். ஐந்தேகாலுக்கு மைதானத்தில் இருப்பார். வீட்டில் விளக்கு ஏற்றி வெகுநேரம் கழித்து, முழங்கால்வரை செம்மண்ணோடு வருவார்.

படிக்கிற காலத்தில் பாளையங்கோட்டையில் கால்பந்து ஆடியவர். முழங்கால் பிசகி ஆட்டம் நின்றுபோனபின் ஊர்ப் பையன்களைச் சேர்த்துப் பழக்க ஆரம்பித்திருந்தார். அந்த நாளில் இளையோருக்கென்று அகில இந்திய அளவில் ஒரு போட்டி நடந்தது. ஒவ்வொரு மாநிலமும் ஓர் அணியை அனுப்பும். முதலில் ஜில்லாத் தேர்வு, அதில் தேறினால் மதராஸில் ஒரு மாத முகாம், அங்கிருந்து மாநில அணி. தென்காசியிலிருந்து ஒரு பையனாவது அந்த அணியில் நிற்கவேண்டும் என்பது அவர் ஆசை. கல்யாணத்தன்று மறுவீட்டுச் சாப்பாடு முடிந்து, முதன்முதலாக என்னிடம் தனியாகப் பேசியபோது அவர் சொன்னது இதைத்தான். நானும் தலையை ஆட்டிவைத்தேன்.

மொத்தம் பதினெட்டுப் பையன்கள். ஒவ்வொருவனுக்கும் எந்தக் காலில் பலம், எவனுக்கு மூச்சு வாங்கும், எவன் காலையில் சாப்பிடாமல் வருகிறான் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. எனக்குப் பிடித்த நிறம் என்ன என்று கேட்டால் தெரியாது.

அந்த ஆடியில் குற்றாலத்துக்குக் கூட்டிப்போவதாகச் சொன்னார். சாரல் நன்றாக விழுந்துகொண்டிருந்தது. கத்தரிப்பூ நிறத்தில் ஒரு சேலை கட்டி, மாற்றுச் சேலையைப் பையில் வைத்து, தலைக்கு எண்ணெயும் தேய்த்துக்கொண்டு கிளம்பினேன். பஸ் நிற்கும் இடத்தில் பதினெட்டுப் பேரும் வரிசையாக நின்றார்கள்.

"மைனியும் வாராவளா?" என்று என்னை அண்ணி முறை வைத்து ஒருவன் அவரிடம் கேட்டான்.

அவர் என் பக்கம் திரும்பி, "செண்பகாதேவி அருவி வரைக்கும் ஏறி எறங்குனா தொடைக்கு நல்லது பாத்துக்க. நீ பேரருவியில குளிச்சிட்டு இரு. ஒரு மணி நேரத்துல வந்துருதேன்" என்றார்.

வந்தது மூன்று மணி நேரம் கழித்து. அதுவரை பதினெட்டுச் சட்டைகளையும் ஒரு மூட்டையாக மடியில் வைத்துக்கொண்டு, பழக்கடை ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். புதிதாகக் கல்யாணமான ஜோடிகள் ஈரத் தலையோடு மங்குஸ்தான் வாங்கித் தின்றுகொண்டிருந்தார்கள். மூட்டையை விட்டுவிட்டு எப்படிக் குளிக்கப் போவது? எண்ணெய்த் தலையோடுதான் ஊர் திரும்பினேன்.

பதினெட்டுப் பேரிலும் ஒருவன்மேல்தான் எனக்கு உள்ளபடியே பொறாமை. நெசவுக்காரர் மகன், பதினாறு வயது, நெட்டையன். இடது கால்காரன். லெஃப்ட் அவுட் என்று இடது ஓரத்தில் ஓடி ஆடுகிற இடம் அவனுடையது. அவன் பந்தை எடுத்து ஓடும்போது இவர் கோட்டுக்கு வெளியே கூடவே ஓடுவார், கெட்ட முழங்காலோடு. ஒருநாள் மைதானத்து வழியாகக் கோவிலுக்குப் போனபோது அதை நின்று பார்த்தேன். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். அந்த முகத்தை நான் வீட்டில் ஒருநாளும் கண்டதில்லை.

அவனுக்கு உடம்பு தேறவேண்டும் என்று தினம் இரண்டு முட்டை கொடுக்க ஏற்பாடு செய்தார். எங்களுடையது சைவ வீடு. அடுப்படிக்குள் முட்டை வராது. கொல்லையில் மூன்று கல்லை வைத்து நான்தான் அவிக்கவேண்டும். புரட்டாசியில் எனக்கு மசக்கை ஆரம்பித்தது. முட்டை வெந்த வாடை வந்ததும் வயிற்றைப் புரட்டும். வேப்பமரத்தடிக்கு ஓடுவேன்.

பையன் பார்த்துவிட்டு, "மைனி, நானே அவிச்சுக்கிடுதேன். நீங்க உள்ள போங்க" என்றான்.

"வேண்டாம். ஒன் காலு சுட்டுட்டா ஒங்க அண்ணாச்சி என்னயத்தான் வைவாவ" என்றேன்.

அவன் முட்டையை உரித்துத் தின்றான். அவனுக்குக் கணுக்கால் லேசாக வீங்கியபோது அன்றைக்கே கண்டுபிடித்து மஞ்சள் பத்துப் போட்டவர், எட்டு நாளாக நான் வாந்தி எடுப்பதைப் பார்க்கவில்லை. நான் உண்டாகியிருப்பதை அத்தை சொல்லித்தான் தெரிந்துகொண்டார். சந்தோஷப்பட்டார், இல்லை என்று சொல்லமாட்டேன். மறுநாள் ஐந்தேகாலுக்கு மைதானத்தில் இருந்தார்.

கார்த்திகையில் பாளையங்கோட்டையில் ஜில்லாத் தேர்வு. அதற்கு மூன்று நாள் முன்பு, மத்தியானம், பையனின் தாயார் வீட்டுக்கு வந்தார். அவர் வருவது அதுதான் முதல் தடவை.

"ஏம்மா, ஒங்கள்ட்ட ஒண்ணு கேக்கணும். எம்மவன மதராஸுக்குக் கூட்டிட்டுப் போவாங்களாமே. அவன் வாப்பா, தறியில ஆள் கொறையும், போகவேண்டாம்னு சொல்லுதாரு. பையன் அழுதுகிட்டுக் கெடக்கான். ஒங்க வீட்டுக்காரர் நல்லதுதான்னு சொன்னாரு. நீங்க என்ன சொல்லுதிய? ஒரு பொம்பள சொன்னா எனக்குத் திடமா இருக்கும்."

எனக்கு ஒன்றும் தெரியாது, அவரிடமே கேளுங்கள் என்று சொல்லியிருக்கலாம். நான் அப்படிச் சொல்லவில்லை.

"எதுக்குக்கா அனுப்புதிய? இவுகளுக்கு முட்டி போனது மாதிரி அவனுக்கும் போச்சுன்னா யாரு பாத்துக்கிடுவா? இவுக எல்லாப் பயலையும் இப்படித்தான் பெருசா சொல்லுவாவ. அங்க போனா ஓரத்துல ஒக்கார வச்சுட்டுத் திருப்பி அனுப்பிருவான்" என்றேன்.

அந்த அம்மாள் என் கையைப் பிடித்து, "நல்லவேள, ஒங்கள்ட்ட கேட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் தெருமுனை திரும்பும் வரை பார்த்துக்கொண்டு நின்றேன். மனசுக்குள் குளிர்ச்சியாக இருந்தது. வெட்கத்தைவிட்டு எழுதுகிறேன், குளிர்ச்சியாகத்தான் இருந்தது.

தேர்வுக்குப் போகும் பஸ்ஸுக்குப் பையன் வரவில்லை. இவர் நெசவாளர் தெருவுக்கு ஓடியிருக்கிறார். அதற்குள் பஸ் போய்விட்டது. மற்ற பையன்கள் தாங்களாகவே போய் ஆடி, ஒருவரும் தேறாமல் திரும்பினார்கள். இவர் மத்தியானம் வீட்டுக்கு வந்து, நான் வைத்த சாப்பாட்டைத் தொடாமல் உட்கார்ந்தார்.

"நீ சொன்னியாட்டி?"

"சொன்னேன்."

"எதுக்கு?"

"அவன் கணுக்காலு வீங்குனது அன்னைக்கே தெரிஞ்சுது ஒங்களுக்கு. நான் வாந்தி எடுத்தது தெரிஞ்சுதா?"

கோபப்படுவார் என்று காத்திருந்தேன். "அத என்கிட்ட கேட்டிருக்கலாம்லா. அவன எதுக்கு?" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சாப்பிடாமலே எழுந்தார்.

அதன்பின் ஐந்தரைக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிடுவார். நான் ஆசைப்பட்டது நடந்துவிட்டது. காய் நறுக்கிக் கொடுப்பார். கேட்டதற்குப் பதில் சொல்வார். மல்லிகைப்பூ வாங்கி வருவார். ஆனால் மைதானத்துப் பக்கமிருந்து பையன்கள் கத்தும் சத்தம் கேட்டால் கத்தி அப்படியே நின்றுவிடும். வீட்டில் இருந்தார், என்னோடு இல்லை. அவரை யார் பறித்துக்கொண்டார்கள் என்று குற்றம் சொல்ல இப்போது ஆளும் இல்லை.

வைகாசியில் பெண் குழந்தை பிறந்தது. பையனுக்கு வயது வரம்பில் இன்னும் ஒரு வருஷம் இருந்தது. குழந்தைக்கு மூன்று மாதமானதும் தூக்கிக்கொண்டு நெசவாளர் தெருவுக்குப் போனேன். பையன் தறிக்குழியில் உட்கார்ந்திருந்தான். என்னைக் கண்டதும் எழுந்து, "வாங்க மைனி" என்றான். அது என்னை அறைந்ததுபோல இருந்தது.

தாயாரைத் தனியாகக் கூப்பிட்டு, "போன வருஷம் நான் சொன்னது பொய்க்கா" என்றேன்.

"எதுக்கும்மா பொய் சொன்னிய?"

"பொறாமைல."

"எம்மவன் மேலயா?"

தலையை ஆட்டினேன்.

"ஒரு வருஷமா அவன் மொகத்தப் பாத்தியளா நீங்க? பந்து சத்தம் கேட்டா சன்னல அடைச்சுக்கிடுவான்" என்றார். சமாதானம் ஆகவில்லை; குழந்தையைக் கையில் வாங்கவுமில்லை. நான் திரும்பி நடந்தபோது வாசலில் நின்று, "அவன் வாப்பாட்ட நான் பேசுதேன். ஒங்களுக்காவ இல்ல" என்று மட்டும் சொன்னார்.

அவன் வாப்பா இணங்கினார்; இவரும் மறுபடி ஐந்தேகாலுக்கு மைதானத்துக்குப் போகலானார். அந்தக் கார்த்திகையில் பையன் ஜில்லாத் தேர்வில் தேறினான். மதராஸ் முகாமிலும் தேறினான். போட்டி வடக்கே, குளிர் காலத்தில். ரயிலேற்ற நாங்களும் போனோம். வண்டி கிளம்பும் நேரத்தில் இவர் பையிலிருந்து ஒரு கம்பளி ஸ்வெட்டரை எடுத்து அவனுக்குப் போட்டுவிட்டார். எங்கள் கல்யாணத்துக்கு என் அண்ணன் இவருக்கு வாங்கிக் கொடுத்தது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பித்தானைக் கழுத்துவரை பூட்டி, காலரைச் சரிசெய்தார். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு எரிந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

அங்கே அவனை முதல் இரண்டு ஆட்டத்தில் ஓரத்தில்தான் உட்காரவைத்தார்களாம். மூன்றாவதில் பாதி ஆட்டம் கிடைத்தது. ஒரு கோலுக்குப் பந்து எடுத்துக் கொடுத்தான். நம் அணி தோற்றது. ஆனால் அதைப் பார்த்த ஒருவர் மூலமாக, இரண்டு வருஷம் கழித்து மதராஸில் ஓர் ஆலையின் அணியில் வேலையோடு இடம் கிடைத்தது. குடும்பத்தையும் அங்கேயே அழைத்துக்கொண்டான்.

எங்களுக்கு மூன்று பிள்ளைகள். மூன்றும் நன்றாகப் படித்தன. ஆனாலும் வீட்டுக்கு யார் வந்தாலும் இவர் முதலில் சொல்வது தான் கண்ணால் பார்க்காத அந்தப் பாதி ஆட்டத்தைத்தான்; பிள்ளைகளின் பேச்சு அதற்குப் பிறகுதான். நான் காப்பியை வைத்துவிட்டு உள்ளே போய்விடுவேன். இன்றைக்கும் எனக்குச் சுருக்கென்றுதான் இருக்கிறது.