கறுப்புப் பட்டை போட்ட டிவிடி

நூம்பலில் எங்கள் வீட்டுக்கு அடுத்தது அத்தை வீடு. மாமா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில், செய்து வரும் சாமான்களில் குறை பார்க்கும் செக்கிங் வேலை பார்த்தார். கத்தரிக்காயைக்கூட வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் பையில் போடுவார்.

அத்தை சிறுமியாக இருந்தபோது சினிமாக்காரர்கள் வேன் அனுப்பி, எங்கள் ஊர்ப் பெண்களை நாற்று நடும் பாட்டு ஒன்றுக்கு அழைத்துப் போனார்களாம். அந்தப் பாட்டில் தானும் நட்டதாக அத்தை சொல்வாள். ஒருவரும் நம்பவில்லை. "நீ இல்லன்னா அந்தப் படமே ஓடிருக்காது" என்று என் அப்பாவே கிண்டலடிப்பார். அத்தை சிரித்துக்கொள்வாள். அன்றைக்கு அவள் வைக்கும் குழம்பில் மட்டும் காரம் தூக்கலாக இருக்கும்.

மாமா அந்தப் படத்தைத் தேடிப் பிடித்தார். பூந்தமல்லிக் கடையில் கிடைத்த முதல் விசிடியில் முகங்களெல்லாம் ஊறிய சோப்பு மாதிரி இருந்தன. இரண்டாவதில் வயலே நீலம். பாட்டை ஒரே இடத்தில் நிறுத்தி, நடுகிற பெண்களை எண்ணுவார். இரண்டிலும் எட்டுப் பேர்தான், அத்தை இல்லை. கலருக்கு இவ்வளவு, தெளிவுக்கு இவ்வளவு என்று அவர் சொல்லச் சொல்ல நோட்டில் மார்க் போட்டது, நான்காம் வகுப்புப் படித்த நான். கடைசியில் உறைமேல் சிவப்பு மையால் 'ரிஜெக்ட்' என்று எழுதுவார்.

மூன்றாவதாக வந்தது டிவிடி. நாற்றின் நுனிகூடத் தெரிந்தது. ஆனால் திரையின் மேலும் கீழும் கறுப்புப் பட்டை.

"அர படத்த முயிங்கிட்டான் பாரு" என்றார் மாமா. ரிமோட்டில் ஜூம் பட்டனை அழுத்தினார். பட்டை போய்த் திரை நிறைந்தது. அதிலும் எட்டுப் பேர். 'ரிஜெக்ட்' எழுதிவிட்டு, சாயந்திரம் கடையில் திருப்பித் தர வேண்டும் என்று சொல்லிக் குளிக்கப் போனார்.

கறுப்புக்கு அடியில் என்னதான் இருக்கிறது என்று பார்க்கும் ஆசையில் நான் பட்டனை மறுபடி அழுத்தினேன். படம் சிறுத்தது. ஆனால் ஜூமில் வெட்டுப்பட்டிருந்த ஓரங்கள் வந்து, இரண்டு பக்கமும் வயல் நீண்டது. எண்ணினேன், பத்துப் பேர். இடது ஓரத்தில் இருந்த சிறுமி இடது கையால் நட்டுக்கொண்டிருந்தாள். எங்கள் குடும்பத்தில் இடது கையால் பரிமாறித் திட்டு வாங்குகிறவள் அத்தை ஒருத்திதான்.

நான் போட்ட சத்தத்தில் மாமா ஈரத் துண்டோடு ஓடி வந்தார். டிவிக்குக் கிட்டே குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"இந்தா, இங்க வாயேன். நீதான் கீற" என்றார், குரல் இறங்கி.

அத்தை அடுப்படியிலிருந்து வந்து ஒருமுறை பார்த்தாள். "நான் சொன்னப்ப நம்பல. இப்ப டிஸ்க்கு சொல்லிச்சுன்னு நம்பிக்கினியா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

எனக்கு அழுகை வந்தது. இவ்வளவு கஷ்டப்பட்டுக் கண்டுபிடித்ததை அவள் உட்கார்ந்து பார்க்கக்கூட இல்லையே. பட்டை இல்லாத டிஸ்க்காக வாங்கினால் அத்தைக்குப் பிடிக்கும் என்று மாமாவிடம் சொன்னேன்.

அவர் கட்டை விரலால் சிவப்பு மையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். "டிஸ்க்ல ஒண்ணும் கொற இல்ல பாப்பா" என்றார்.

அத்தனை நாளும் அவர் அத்தையைத்தான் செக் பண்ணிக்கொண்டிருந்தார் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து மார்க் போட்டவள் நான்.