வீட்டில் அவை

இலக்கணப் புத்தகத்தில் 'அவை' என்றால் ஆடு, மாடு, மேசை, கதிரை. எங்கள் ஊர் வாயில் அது மனிதர்கள். 'அவை வருகினம்' என்றால் ஆட்கள் வருகிறார்கள் என்று பொருள். ஆணா பெண்ணா, எத்தனை பேர் என்பதை அந்தச் சொல் காட்டிக்கொடுக்காது. பல வருடமாக நான் அதற்குள்தான் ஒளிந்திருந்தேன். கலியாண வீட்டில் இன்னும் கொஞ்சம் இருந்துவிட்டுப் போகச் சொன்னால், "வீட்டில அவை பாத்துக்கொண்டிருப்பினம்" என்பேன். சந்தையில் பெரிய விளைமீனாகப் பார்த்து எடுத்தால், "வீட்டில அவைக்கு விருப்பம்" என்பேன். கேட்பவர்கள் அம்மா, தங்கச்சி என்று தாங்களாகவே நிரப்பிக்கொள்வார்கள். வீட்டில் இருந்தது ஒரே ஓர் ஆள். ஆண்.

அவனுக்கு உப்புவெளியில் ஒரு விருந்தினர் விடுதியில் சமையல் வேலை. நாங்கள் ஓர்ஸ் ஹில்லில் ஒரு வீட்டின் மேல்மாடியை வாடகைக்கு எடுத்திருக்கிறோம். கீழே இருக்கும் வீட்டுக்கார அம்மாவுக்கு நாங்கள் கலியாணம் சரிவராத இரண்டு பெடியள். அவ்வளவுதான். வெளியில் நான் அவனை மச்சான் என்பேன், அவனும் என்னை மச்சான் என்பான். இந்தப் பக்கத்தில் சிநேகிதனைச் சிநேகிதன் மச்சான் என்று கூப்பிடுவான். புருசனைப் பெண்சாதியும் மச்சான் என்று கூப்பிடுவாள். அந்தச் சொல்லைக் கண்டுபிடித்தவருக்கு நான் மனதுக்குள் எத்தனையோ தரம் நன்றி சொல்லியிருக்கிறேன்.

என் தொழில் ஆங்கிலம். நகரத்தில், சந்தைக்குக் கிட்ட, ஒரு புத்தகக்கடைக்கு மேல் இருக்கும் அறையில், வேலைக்குப் போகிற ஆட்களுக்குப் பின்னேரங்களில் பேச்சு ஆங்கிலம் கற்பிக்கிறேன். வெள்ளைக்காரன் இந்த நாட்டுக்கு விட்டுப்போனவற்றில் இரண்டு என் தலையில் விழுந்தன. ஒன்று, நான் சோறு தின்னும் பாஷை. மற்றது, என்னையும் அவனையும் குற்றவாளிகளாக்கும் ஒரு சட்டம். முதலாவதை நன்றாகப் படித்துக்கொண்டேன். இரண்டாவதைப் பற்றி யாரும் என்னிடம் கேட்டதில்லை, நானும் வாய் திறந்ததில்லை.

வகுப்பில் எனக்குக் கோபம் வருவது ஒரே ஒரு பிழைக்குத்தான். கிண்ணியாவில் துணிக்கடை நடத்தும் ஒரு பெண்மணி வருவார். வகுப்பில் எல்லோருக்கும் அவர் ராத்தா, அதாவது அக்கா. அவர்கள் வீட்டில் தாயை மரியாதையாக 'உம்மா வந்தாங்க' என்றுதான் சொல்வார்கள். அதை அப்படியே தூக்கி ஆங்கிலத்தில் போட்டு, "மை உம்மா, தே ஆர் கமிங்" என்பார். நான் விடமாட்டேன். "உங்களுக்கு எத்தனை உம்மா?" என்று கேட்பேன். "ஒராள்தான் சேர், அந்த ஒராளையே சமாளிக்க ஏலாது" என்பார். வகுப்பு சிரிக்கும். ஒரு ஆள் பெண் என்றால் ஷீ, ஆண் என்றால் ஹீ, மரியாதையெல்லாம் மனதில் இருந்தால் போதும் என்று நான் பிரசங்கம் செய்வேன். யார் யாருக்குப் புத்தி சொல்வது என்று ஒரு விவஸ்தை வேண்டாமா!

மாதத்தில் ஒரு ஞாயிறு, வேறு வேறு நாடுகளில் ஆங்கிலம் கற்பிக்கும் என்னைப் போல ஒளிந்து வாழும் சிலர் வீடியோவில் கூடிக் கதைப்போம். பாடம் பற்றிப் பேசத்தான் கூடுகிறோம் என்று பெயர். துருக்கியில் கற்பிக்கும் ஒரு பெண் அதில் இருந்தார். அவருடைய மொழியில் அவன், அவள், அது மூன்றுக்கும் ஒரே சொல்தானாம். அதனால் ஆசிரியர் அறையில் தன் துணைவியைப் பற்றி ஒரு பொய்யும் சொல்லாமல் நாள் முழுக்கக் கதைக்கலாம். வகுப்புக்குள் போனதும் நாக்கு ஒட்டிக்கொள்ளும். "என் மொழி என்னை மறைக்கிறது, நான் விற்கிற மொழி என்னைக் காட்டிக்கொடுக்கிறது" என்றார். வளைகுடாவில் கற்பிக்கும் ஓர் ஆங்கிலேயர் விரலில் மோதிரம் போட்டு, ஊரில் ஒரு மனைவி இருப்பதாகச் சொல்லி வைத்திருந்தார். லீவு வேண்டும் என்பதற்காக அந்த மனைவியின் தாயை இரண்டு தரம் சாகடித்துவிட்டு, மாட்டிக்கொள்வேனோ என்று பயந்துகொண்டிருந்தார். எனக்கு உள்ளூரப் பெருமை. அவருக்கு ஒரு மாமியார் வரைக்கும் தேவைப்பட்டது. எனக்கு இரண்டு எழுத்து போதுமாக இருந்தது.

அந்தப் பெருமையை உடைத்தவன் வீட்டில் இருந்தவன். மாலைதீவில் ஒரு பெரிய ஹோட்டலில் அவனுக்கு வேலை சரிவந்தது. ஒரு கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று ஏஜென்சிக்காரர் சொல்லியிருந்தார்.

"சம்பளத்துக்காகப் போறன் எண்டுதான் எல்லாருக்கும் சொல்லப்போறன்" என்றான். "உனக்கு உண்மையைச் சொல்லுறன், அதில்லை. நான் இஞ்ச இருக்கிறன் எண்டு ஆருக்குத் தெரியும்? நாளைக்கு நான் செத்துப்போனா வகுப்புக்கு என்னெண்டு லீவு சொல்லுவாய்? வீட்டில அவைக்குச் சுகமில்லை எண்டோ?"

"வகுப்பில போய்ச் சொல்லச் சொல்லுறியோ? அடுத்த நாளே கதவைப் பூட்டிப்போடுவாங்கள்!" என்று கத்தினேன்.

"வகுப்பில சொல்லு எண்டு நான் கேக்கேல்லை. ஆருக்காவது சொல்லு. ஒருக்கா. அப்பிடிச் சொன்னியெண்டா நான் போகமாட்டன்."

நான் குளிக்கப் போய்விட்டேன். கோபம் அவன் மேல் இல்லை. அவன் சொன்னதில் ஒரு பிழையும் பிடிக்க முடியவில்லை என்பதில்தான்.

இரண்டு நாள் கழித்து வகுப்பில், இந்த நேரத்தில் உங்கள் வீட்டில் யார் என்ன செய்துகொண்டிருக்கிறார்கள் என்று ஒவ்வொருவராகச் சொல்ல வைத்தேன். பெரியாஸ்பத்திரியில் வேலை செய்யும் தாதி, கணவர் பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறார் என்றார். ஒரு அலுவலக எழுதுநர், அப்பா தொலைக்காட்சி பார்க்கிறார் என்றார். ராத்தா இந்த முறை உம்மாவைச் சரியாக ஷீ என்று சொல்லி முடித்து, கைதட்டல் வாங்கினார். அந்தத் தைரியத்தில் என்னைப் பார்த்து, "அண்ட் யூ, சேர்?" என்றார்.

பழக்கதோஷம். "தே ஆர் குக்கிங்" என்றேன்.

"எத்தினை பேர் சேர்?" என்றார் ராத்தா. "எல்லாருமா சேந்து சமைக்கிறாங்க?"

வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. என் பகிடியையே எனக்குத் திருப்பித் தந்த சந்தோசம் அவருக்கு. ரெண்டு பேர் என்று சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். சொல்ல வாய் எடுத்தேன். அடுத்த மாதம் அந்தக் குசினியில் யாரும் சமைக்கமாட்டார்கள் என்று நினைத்தேன்.

"ஒராள்தான்" என்றேன். "ஹீ இஸ் குக்கிங்."

"சேர், ஷீ" என்று தாதி மெதுவாகத் திருத்தினார். ஆசிரியர் தடுமாறிவிட்டார், மற்றவர்கள் கவனிக்கும் முன் சரிசெய்துவிடுவோம் என்ற நல்ல மனம்.

"இல்லை. ஹீ. பிழை இல்லை."

"ஆம்பிளையா சமைக்கிறாரு!" என்றார் ராத்தா. அதுதான் அவருக்கு அதிசயம். நன்றாகச் சமைப்பாரா, கறிக்குத் தேங்காய்ப்பால் விடத் தெரியுமா என்று அடுத்தடுத்துக் கேட்டார். தாதிக்கு மட்டும் என் முகத்தில் ஏதோ தெரிந்திருக்க வேண்டும். "தம்பியோ சேர்?" என்றார். எனக்காக ஒரு கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்பதுபோல இருந்தது. ஓம் என்றால் நான் வெளியே போய்விடலாம்.

"தம்பி இல்லை" என்றேன். ஆங்கிலத்தில் சொன்னால் பாதிப் பேருக்கு விளங்காது என்று தெரிந்தே தமிழில் சொன்னேன். "அவர் என்ர ஆள். கலியாணம் கட்டின ஆக்கள் மாதிரி நாங்கள் ரெண்டு பேரும் ஒண்டா இருக்கிறம்."

ராத்தா கைப்பையின் சிப்பை இழுத்து மூடினார். கடைசி வரிசையில் ஒருவர் எழுந்து போனார். பிறகு தாதி தொண்டையைச் செருமிக்கொண்டு, "அடுத்தது ஆர்?" என்று பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். அவர் தன் வீட்டைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். வினைச்சொல்லில் பிழைவிட்டார். நான் திருத்தினேன்.

வீட்டுக்கு வந்து அவனிடம் சொன்னேன். அடுப்பை அணைத்துவிட்டு, "இங்கிலிசில தானே?" என்றான்.

"தமிழிலயும்."

"தமிழில என்னெண்டு சொன்னனீ?"

திருப்பிச் சொல்லச் சொன்னான். வகுப்பில் சொன்னதைவிட அவன் முகத்தைப் பார்த்துச் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. சொன்னேன். கேட்டுவிட்டு, "சாப்பிடு, ஆறப்போகுது" என்றான். போவதா இல்லையா என்று ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த வகுப்பில் பாதிக் கதிரைகள் காலி. ராத்தா குரல்பதிவு அனுப்பியிருந்தார். "சேர், என்னைப் பிழையா நினைக்காதீங்க. நான் வரத்தான் பாத்தேன். வீட்டில அவங்க விடுறாங்க இல்ல." அந்த அவங்க எத்தனை பேர் என்று நான் திருப்பிக் கேட்கவில்லை. வகுப்பு முடிந்து இறங்கும்போது, கீழே புத்தகக்கடைக்காரர், அறையும் அவருடையதுதான், என்னைப் பார்க்காமல் கதவின் பூட்டைப் பார்த்துக்கொண்டு பேசினார். "சேர், அடுத்த மாசம் தொடக்கம் மேல சாமான் அடுக்க வேணும். வேற இடம் ஒண்டு பாருங்கோ." ஏன் என்று கேட்டுச் சண்டை பிடிக்க ஆத்திரம் வந்தது. கேட்டால் அவர் காரணத்தைச் சொல்லிவிடுவாரே என்று பயமும் வந்தது. ஓம் என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

அறை போய்விட்டது என்று வீட்டில் சொல்லும்போது, இனி அவன் போகத்தான் வேண்டியிருக்கும், நானே போகச் சொல்ல வேண்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதைச் சொல்ல வாய் எடுக்கையில் அவனுடைய போன் அடித்தது. ஏஜென்சிக்காரர். அவன் ஸ்பீக்கரைப் போட்டுப் போனை மேசையில் வைத்தான்.

"நான் வரேல்லை அண்ணை" என்றான்.

"ஏன் தம்பி, இப்பிடி ஒரு இடம் ஆருக்குக் கிடைக்கும்? வீட்டில அவை மறிக்கினமோ?"

"ஒருத்தரும் மறிக்கேல்லை. வீட்டில ஒராள் இருக்கிறார். அவரை விட்டிட்டு வர ஏலாது."

"ஆர், அப்பாவோ? சுகமில்லையோ?"

"அப்பா இல்லை அண்ணை" என்றான். என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "என்ர ஆள். அவர் இங்கிலிஸ் படிப்பிக்கிறவர்."

சரி தம்பி, யோசித்துச் சொல்லுங்கோ என்று ஏஜென்சிக்காரர் போனை வைத்துவிட்டார். இனி யோசிக்க என்ன இருக்கிறது என்றான் அவன். வகுப்பில் நான் சொன்னபோது ஊர் என்ன சொல்லும் என்பதுதான் என் பயமாக இருந்தது. என்னையும் ஒருவர் இப்படி இன்னொருவரிடம் சொல்வார் என்று நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. குசினிக்குள் போய், அவன் காணாமல் அழுதேன்.