கண்மாய்க்கரையில் திறந்திருந்த ஷட்டர்

நசீமா ராஜபாளையத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். கம்ப்யூட்டர் எக்ஸ்ரே வந்த பிறகு ஆஸ்பத்திரியின் இருட்டறை சும்மா கிடந்தது. டாக்டரிடம் கேட்டுவிட்டு, அங்கே தன் பிலிம்களைக் கழுவிக்கொள்வாள். ஆன்லைனில் வாங்கிய பழைய யாஷிகா கேமரா அவளுடையது. பகலில் அதைத் தொடவே மாட்டாள். இருட்டில் ஸ்டாண்டில் நிறுத்தி, ஷட்டரைத் திறந்தபடியே நிறுத்திவிட்டு, ஒரு மணி நேரம்கூடக் காத்திருப்பாள். நட்சத்திரங்கள் நகர்ந்த தடம் கோடு கோடாகப் பிலிமில் விழும். இருட்டில் ஆள் நடந்தால் பதியாது. வெளிச்சம் நடந்தால் பதியும்.

"ஊர்ல பொம்பளையளுக்கு நகைமேல ஆசை. ஒனக்கு இருட்டுமேல ஆசை" என்பார் கணவர் ஜெய்னுலாப்தீன். பெயிண்ட் கடைக்காரர். கேலி பேசினாலும் டீ பிளாஸ்க்கோடு பைக்கில் கூட்டிப்போவது அவர்தான்.

மார்கழியில் ஒருநாள் சேத்தூர்ப் பக்கம் ஒரு கண்மாய்க்கரையில் கேமராவை வைத்தார்கள். எதிரே மாந்தோப்பு, அதற்குப் பின்னால் மலை. பனி இறங்கிப் புல்லெல்லாம் நனைந்திருந்தது. ஷட்டரைத் திறந்து கொஞ்ச நேரத்தில் தோப்புப் பக்கமிருந்து மெல்லிய சத்தம் வந்தது. டிக். டிக். விட்டு விட்டுக் கேட்டது.

"பூச்சியா என்னன்னு பாத்துட்டு வாரேன்" என்று செல்போன் டார்ச்சோடு கரையிலிருந்து இறங்கினார்.

நசீமாவுக்கு ஏனோ பிடிக்கவில்லை. "ஏங்க, பாம்பு கீம்பு கெடக்கப்போவுது. டீ ஆறுது, வாங்க!" என்று கத்தினாள். அவர் செத்த நேரம் நின்றார். பிறகு திரும்பி வந்துவிட்டார்.

மறுநாள் வேலை முடிந்ததும் பிலிமைக் கழுவி, எக்ஸ்ரே பார்க்கும் வெளிச்சப் பெட்டியில் வைத்து லென்ஸால் பார்த்தாள். மேலே நட்சத்திரக் கோடுகள். கீழே தோப்பு ஓரத்தில், முழங்கால் உயரத்தில், பொட்டுப் பொட்டாக ஒரு வரிசை. தூசி என்று நினைத்துத் துடைத்தாள். போகவில்லை. கணவரின் டார்ச் வெளிச்சம் கரையிலிருந்து நெளிந்து இறங்கி, அந்தப் பொட்டு வரிசைக்கு ஒரு எட்டு முன்னால் தடித்து நின்று, திரும்பியிருந்தது.

அந்த டிக் டிக் பூச்சிச் சத்தம் இல்லை, ஒவ்வொரு பொட்டும் ஒரு மின்பொறி என்று அவளுக்குப் புரிந்தது.

விடிந்ததும் இருவரும் போய்ப் பார்த்தார்கள். புல்லுக்குள் குச்சி நட்டு மெல்லிய வெறும் கம்பி ஓடியது. அதன் நுனி மோட்டார் ரூமுக்குள் போனது. கம்பிக்கு அடியில் ஒரு கீரி விறைத்துக் கிடந்தது.

தோப்புக்காரர் சுயம்புலிங்கம் நல்லவிதமாகவே வரவேற்றார். காவலாளி மாரீஸ்வரனிடம் இளநீர் வெட்டச் சொன்னார். "பன்னித் தொல்லை பாய். ராத்திரி மட்டுந்தான் கரண்ட் விடுதேன். ராத்திரி இங்க யாரு வரப்போறா?"

"நாங்க வந்தோமே" என்று நசீமா போட்டோவை நீட்டினாள்.

அவர் அதை வெகுநேரம் பார்த்தார். முகத்தில் சிரிப்பு மட்டும் மாறவில்லை. "பிலிம் எங்க இருக்கு தங்கச்சி?"

அவள் போட்டோவை வாங்கிப் பைக்குள் வைத்தாள். இளநீரை யாரும் குடிக்கவில்லை.

மின்வாரியத்தில் புகார் கொடுத்தார்கள். ஆட்கள் வந்து பார்த்தபோது கம்பியும் இல்லை, குச்சியும் இல்லை. நசீமாவுக்கு மனசு ஆறவில்லை. பிடிவாதம் பிடித்து, அடுத்த வாரமே அதே கரைக்குக் கணவரைக் கூட்டிப்போனாள். குளிர்காற்று அடித்ததால் ஷட்டரைத் திறந்துவிட்டு, தோப்புக்கு முதுகு காட்டி, கரையின் மறுசரிவில் உட்கார்ந்துகொண்டார்கள். டீ குடித்தார்கள். மகளின் காலேஜைப் பற்றிப் பேசினார்கள். எதுவும் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் எக்ஸ்ரே அறைக்கு ஒருவனை ஸ்ட்ரெச்சரில் தள்ளிவந்தார்கள். மாரீஸ்வரன். தென்னை மரத்திலிருந்து விழுந்துவிட்டதாகக் கூட வந்தவர்கள் சொன்னார்கள். தோள் பின்பக்கமாக நழுவியிருந்தது. டாக்டர் அவன் வலது கையை விரித்தார். உள்ளங்கையின் குறுக்கே கருகிய கோடு.

"மரத்துலருந்து விழுந்தா இப்படிக் கருகுமா?" என்று கேட்டார். அவன் கண்ணை மூடிக்கொண்டான். டாக்டர் உடனே இதயத்தைக் கவனிக்க மேலே தீவிர சிகிச்சைக்கு அனுப்பினார்.

நசீமா இருட்டறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். முந்தின ராத்திரி பிலிமைக் கழுவி, பிரிண்ட் போட்டுப் பார்த்தாள். பழைய இடத்தில் ஒன்றுமில்லை. தோப்பை ஒட்டி ஓடும் ஓடைக்கு அந்தப் பக்கம், விடியுமுன் பூப்பறிக்கப் பெண்கள் போகும் ஒற்றையடிப் பாதையை ஒட்டி, புதிதாகப் பொட்டு வரிசை. அதில் ஓரிடத்தில் மட்டும் பெரிய வெள்ளை வெடிப்பு. அவர்கள் டீ குடித்துக்கொண்டிருந்த நேரத்தில் விழுந்தது.

ஆபத்துக் கடந்த பிறகு, கூட வந்தவர்கள் இல்லாத நேரமாகப் பார்த்து, பிரிண்டைக் கொண்டுபோய் அவனிடம் காட்டினாள்.

"இது என்னக்கா?"

"அன்னைக்கு ராத்திரி. தோப்பு."

அவன் அந்த வெள்ளையை இடது கை விரலால் தொட்டான். "இது நானா?"

பிறகு அழுதான். புகாருக்குப் பயந்து கம்பியை ஓடைப் பக்கம் மாற்றிக் கட்டச் சொன்னது முதலாளி என்றான். கரண்ட் இருப்பது தெரியாமல் இழுத்துக் கட்டப் போனதாகச் சொன்னான். "சத்தம் போட வாயி வரலக்கா. கரைமேல நீங்க இருந்தது தெரியும். கூப்பிட முடியல."

அன்றே போலீஸுக்குச் சொன்னார்கள். மோட்டார் ரூமில் கம்பி அப்படியே அகப்பட்டது. சுயம்புலிங்கம் கைதாகி, சீக்கிரமே ஜாமீனில் வந்துவிட்டார். மாரீஸ்வரனுக்கு இரண்டு விரல்களை எடுக்கவேண்டி வந்தது.

மாசியில் ஒரு சாயங்காலம் பெயிண்ட் கடை வாசலில் சுயம்புலிங்கத்தின் பைக் நின்றது. உள்ளே வந்து, கலர் அட்டையைப் புரட்டினார்.

"தங்கச்சி இப்பவும் ராத்திரி போட்டோ எடுக்கப் போறாவளா பாய்?"

"போறா" என்றார் ஜெய்னுலாப்தீன்.

"இருட்டுல பாத்துப் போகச் சொல்லுங்க." அட்டையை நேராக அடுக்கி வைத்துவிட்டுப் போனார்.

அதிலிருந்து ஜெய்னுலாப்தீன் பொழுது சாய்ந்ததுமே கடையைப் பூட்டிவிட்டு, ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் நின்று மனைவியை வீட்டுக்குக் கூட்டிவருகிறார். வழக்கு நடக்கிறது. மாரீஸ்வரன் சாட்சி சொல்லிவிட்டான். அடுத்து நசீமா சொல்லவேண்டும்.