“யாரும்மா இந்த ஆளு?” – தம்பியோடு திண்டுக்கல் போய் வந்த கதை

திண்டுக்கல் போகலாம் என்று சொன்னது நானில்லை, என் தம்பி முரளி. அவனுக்கு வயது முப்பத்தாறு. திருச்சியில் ஒரு அச்சகத்தில் பைண்டிங் வேலை பார்க்கிறான். கூட வேலை செய்பவர் ஒருநாள் சிறுமலை வாழைப்பழம் கொண்டுவந்து கொடுத்து, மலைப் பாதையில் பதினெட்டு கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன, ஜன்னல் ஓரம் கிடைத்தால் சொர்க்கம் என்று சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து அதே பேச்சு. பிப்ரவரி மாதம், வெயில் ஏறும் முன் போய்விடலாம் என்று மூன்று நாள் விடுப்பு எடுத்தேன்.

முரளியைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கல்லூரி இறுதியாண்டில் அவனுக்கு மனச்சிதைவு நோய் வந்தது. யாரும் பேசாதபோதே குரல்கள் கேட்கும். பல வருடங்களாக மாத்திரை சாப்பிடுகிறான், இப்போது குரல்கள் அநேகமாக இல்லை. மிச்சம் இருப்பதெல்லாம் மாத்திரையின் கைவரிசை. கை லேசாக நடுங்கும். கேட்ட கேள்விக்குப் பதில் வரக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். யோசிக்கும்போது உதடு அசையும். அவ்வளவுதான். ஆனால் புதிதாகப் பார்க்கிறவர்கள் கண்ணில் முதலில் படுவது இவைதான்.

டாக்டரிடம் கேட்டோம். தாராளமாகப் போய் வாருங்கள், வெயிலில் அதிகம் அலைய வேண்டாம், தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும் என்றார்.

திருச்சியிலிருந்து காலை ஏழு மணி பேருந்து. வடமதுரை வழியாகத் தொண்ணூற்றைந்து கிலோமீட்டர், இரண்டே கால் மணி நேரம். சாலை நன்றாக இருக்கிறது. திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்திலேயே ஒரு லாட்ஜில் போனில் சொல்லி வைத்திருந்தேன். பெயர் எழுதப்போவதில்லை, ஏன் என்று பிறகு புரியும்.

லாட்ஜ் மேனேஜர் ஆதார் அட்டைகளை வாங்கிப் பதிந்து திருப்பிக் கொடுத்துவிட்டு, முரளியிடம் என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று சாதாரணமாகத்தான் கேட்டார். முரளியின் உதடு அசைந்தது, பதில் இன்னும் வரவில்லை. மேனேஜர் அவனை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். தம்பிக்கு உடம்பு சரியில்லையா என்றார். பயணக் களைப்பு என்று நான் சொன்னேன். அதற்குள் முரளி “பைண்டிங்” என்றான், ஆனால் அதை யாரும் கேட்கவில்லை.

மலைக்கோட்டை தெரிகிற மாதிரி மாடி அறை கேட்டிருந்தேன். கிடைத்தது கீழ்த்தளத்தில், வரவேற்பு மேஜைக்கு நேர் எதிர் அறை. மாடியில் தண்ணீர் வரவில்லை என்றார். உண்மையாகவே தண்ணீர் வராமல் இருந்திருக்கலாம். மாடியிலிருந்து ஒரு குடும்பம் தலை துவட்டிக்கொண்டே இறங்கி வந்ததை நான் பார்த்தேன் என்பதையும் சொல்ல வேண்டும்.

கோட்டைக்கு ஆட்டோ பிடித்தோம். ஓட்டியவர் ரபீக் பாய், ஐம்பது வயதிருக்கும், லாட்ஜ் வாசலிலேயே ஸ்டாண்ட். ஏறியதிலிருந்து கேள்விதான். எங்கிட்டு இருந்து வாரீங்க, தம்பிக்குக் கல்யாணம் ஆயிருச்சா, ஏன் பேசவே மாட்டேங்கிறாப்ல. கேட்கும்போதெல்லாம் கண்ணாடியில் முரளியைப் பார்த்தார். பிறகு தானாகவே ஒரு செய்தி சொன்னார். இந்தப் பக்கம் பிள்ளை பிடிக்கிறவர்கள் நடமாடுவதாக ஒரு வாரமாக வாட்ஸ்அப்பில் ஓடுகிறதாம். உண்மையா பொய்யா தெரியாது, ஆனால் ஜனங்கள் பயந்து போயிருக்கிறார்கள் என்றார். இதை ஏன் எங்களிடம் சொல்கிறார் என்று எனக்கு உறுத்தியது. பேச்சுக்குச் சொல்கிறாரா, எங்களை நோட்டம் பார்க்கிறாரா?

கோட்டைக்குப் போகிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள். பாறை சூடேறிவிட்டால் கால் வைக்க முடியாது. படிகள் அகலமானவை, மெதுவாக ஏறலாம். மேலிருந்து ஊர் முழுக்கத் தெரிகிறது, ஒரு பக்கம் சிறுமலை நீலமாகப் படுத்திருக்கிறது. முரளி வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். மதியம் பிரியாணி. சீரகசம்பா அரிசி, பொடிசாக நறுக்கிய கறி, பேர் கெட்டுப்போகவில்லை. முரளிக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர் பாதியில் இலையைத் தூக்கிக்கொண்டு வேறு மேஜைக்குப் போனார். மின்விசிறிக்காக இருக்கலாம்.

இரண்டாம் நாள் தாடிக்கொம்பு. திண்டுக்கல்லில் இருந்து எட்டு ஒன்பது கிலோமீட்டர், டவுன் பஸ் அடிக்கடி உண்டு. பெருமாள் கோயில் மண்டபச் சிற்பங்களுக்காகவே போகலாம். நகமும் நரம்பும் தெரிகிற சிற்பங்கள். அங்கிருந்து பக்கத்திலுள்ள அகரத்துக்குப் போனோம். வயல்களுக்கு நடுவே அமைதியான ஊர். திரும்பும் பேருந்துக்கு நேரமிருந்தது. முரளியை நிறுத்தத்தின் நிழலில் உட்காரவைத்துவிட்டு, எதிர்ப்பக்கம் இளநீர் வாங்கப் போனேன். இளநீர்க்காரர் சீவிக்கொண்டிருந்தபோது சத்தம் கேட்டது.

திரும்பிப் பார்த்தால் நிறுத்தத்தைச் சுற்றிப் பதினைந்து பேர் இருப்பார்கள். ஓடினேன். ஒருவர் முரளியின் சட்டைக் காலரைப் பிடித்திருந்தார். அவன் கையில் எங்கள் தண்ணீர் பாட்டில், பக்கத்தில் நான்கு வயதுப் பெண் குழந்தை அழுதுகொண்டு நின்றது. நடந்தது இவ்வளவுதான்: குழந்தை அம்மாவைக் காணாமல் அழுதிருக்கிறது, இவன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து தண்ணீர் கொடுத்திருக்கிறான். யார் பிள்ளை என்று யாரோ கேட்க, இவனுக்குப் பதில் வரவில்லை. உதடு மட்டும் அசைந்திருக்கிறது.

“யாரும்மா இந்த ஆளு? கேட்டா முணுமுணுங்கிறான். கை வேற நடுங்குது.”

கூட்டத்துக்குப் பின்னால் ஒரு இளைஞன் போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். மனநோய் என்று சொன்னால் என்ன ஆகும் என்று அந்த ஒரு நொடியில் கணக்குப் போட்டேன். “என் தம்பிங்க. பாவம், வாய் பேச வராது” என்று சொல்லிவிட்டேன்.

பலித்தது. காலரைப் பிடித்திருந்தவரின் முகம் உடனே இளகியது. ஒரு பெண் ஐயோ என்றார். கை காலரிலிருந்து இறங்கியது. அப்போதுதான் முரளி பேசினான்.

“எனக்குப் பேச வரும். எனக்கு மனநோய். மாத்திரை சாப்பிடுறேன். பாப்பா அழுதுச்சு, தண்ணி குடுத்தேன்.”

இறங்கிய கை திரும்பவும் ஏறியது. பைத்தியமா என்று ஒரு குரல். பைத்தியத்தைக் கூட்டிக்கொண்டு பிள்ளைகள் இருக்கிற இடத்துக்கு எதற்கு வருகிறீர்கள் என்று இன்னொரு குரல். பொய் சொன்னதால் நானும் இப்போது சந்தேகத்துக்குரிய ஆளாகிவிட்டேன். ஊர் எது, அட்டையைக் காட்டு என்றார்கள். கைப்பையில் தேடினால் இல்லை, லாட்ஜில் பெரிய பையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். அதற்குள் அந்தக் குழந்தை கூட்டத்தின் ஓரத்தில் நின்ற ஒரு பெண்ணின் புடவையைப் போய்ப் பிடித்துக்கொண்டது. அவள் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல், திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள். பிள்ளையே போன பிறகு கூட்டத்துக்கு வேலையில்லை. சரி சரி, கூட்டிக்கொண்டு கிளம்புங்கள் என்றார்கள். போனை வைத்திருந்தவன் நாங்கள் பேருந்தில் ஏறும் வரை படம் எடுத்தான்.

பேருந்தில் முரளி ஒன்றே ஒன்றுதான் சொன்னான். “எனக்குப் பேச வரும்னு உனக்குத் தெரியும்லக்கா.”

நான் நடத்துனரிடம் இரண்டு டிக்கெட் கேட்டேன்.

லாட்ஜுக்கு வந்தால் எங்கள் பைகள் வரவேற்பு மேஜைக்குப் பக்கத்தில் இருந்தன. அறை ஏற்கெனவே வேறொருவருக்குப் பேசியிருந்ததாம், மறந்துவிட்டாராம். மேனேஜர் மிக மரியாதையாகத்தான் சொன்னார். மேஜையில் கிடந்த அவர் போனில் முரளியின் முகம் நின்றுகொண்டிருந்தது. ‘உஷார்’ என்று மேலே எழுதியிருந்தது. அது வதந்தி என்றும், நடந்தது என்ன என்றும் சொன்னேன். “எனக்குத் தெரியுதும்மா. மத்த கஸ்டமர் கேட்டா நான் என்ன சொல்றது?” என்றார்.

வெளியே வந்தோம். ரபீக் பாய் ஆட்டோவைக் கொண்டுவந்து எங்கள் முன்னால் நிறுத்தினார். ஏறுங்க என்றார். நான் ஏறவில்லை. எங்களை வெளியேற்றியது இவருக்கு எப்படித் தெரியும்? கேட்டே விட்டேன். அவர் இன்ஜினை அணைத்தார்.

“நேத்து மேனேஜர் கேட்டாரு, ஆளு எப்படின்னு. ஒரு மாதிரி இருக்காப்லன்னு நாந்தேன் சொன்னேன். இன்னிக்கு வீடியோ வந்ததும் நேத்து நான் சொன்னதையும் சேத்துக்கிட்டாரு. என் வாயால வந்தது. ஏறுங்க, வேற எடம் பாப்போம்.”

இதைக் கேட்டு எனக்கு நம்பிக்கை வரவில்லை, கோபம்தான் வந்தது. ஆனால் முரளி ஏறி உட்கார்ந்துவிட்டான்.

ரபீக் பாய் தனக்குத் தெரிந்த ஒரு சின்ன லாட்ஜுக்குக் கூட்டிப்போனார். அங்கிருந்த முதலாளியிடம், “மூளை கொஞ்சம் சரியில்லாத புள்ள, ஆனா சாது” என்று எங்கள் முன்னாலேயே சொன்னார். எனக்கு உடம்பு கூசியது. முரளி, “மூளை இல்ல பாய். மனநோய்” என்று திருத்தினான். “சரி அப்பு, அம்புட்டுத்தான” என்றார் பாய். முதலாளி சாவியைக் கொடுத்தார். இந்த முறை மாடி அறை.

அறையில் உட்கார்ந்து, விடிந்ததும் ஊருக்குக் கிளம்பிவிடலாம் என்றேன். முரளி மறுத்தான். குழந்தையின் அம்மாவைப் பார்க்க வேண்டுமாம். நான் எவ்வளவோ சொன்னேன். திரும்பவும் அந்த ஊரா, திரும்பவும் அந்தக் கூட்டமா? அவங்களுக்கு மட்டும்தான் நடந்தது தெரியும் என்றான்.

காலையில் ரபீக் பாயின் ஆட்டோவிலேயே போனோம். வழியெல்லாம் அவர் எங்கே திருப்புகிறார் என்று பார்த்துக்கொண்டே வந்தேன். நேராக அகரத்துக்குத்தான் போனார். அந்தப் பெண் நிறுத்தத்துக்குச் சற்றுத் தள்ளிச் சாலையோரம் கீரை விற்றுக்கொண்டிருந்தாள். பெயர் ராணி. எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டாள், குழந்தையைத் தன் முதுகுக்குப் பின்னால் தள்ளினாள். முரளி பத்தடி தூரத்திலேயே நின்றான். பாப்பா நல்லா இருக்கா என்று கேட்டான்.

அவள் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் பேசினாள்.

“நான் மொதல்லயே வந்துட்டேண்ணே. அங்கனதான் நின்னேன். புள்ளைய விட்டுட்டு என்னடி பண்ணுனன்னு என்னையத்தான் கேப்பாங்க. எங்க வீட்டுல தெரிஞ்சா அடிதான் விழும். அதான் வாயத் தொறக்கல.”

காலரைப் பிடித்து உலுக்கும்போது அவள் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். எனக்கு ஆத்திரம் பொங்கியது. ஆனால் முரளி தலையாட்டினான், அவனுக்கு அது புரிந்த மாதிரி இருந்தது. ரபீக் பாய்தான் போனை எடுத்தார். முகம் வேண்டாம், குரல் மட்டும் போதும் என்றார். அவள் ரொம்ப நேரம் தயங்கினாள். பிறகு, வீடியோவில் இருக்கிற அண்ணன் என் பிள்ளைக்குத் தண்ணீர்தான் கொடுத்தார், தப்பாக ஒன்றும் செய்யவில்லை என்று பேசிக் கொடுத்தாள். பெயர் சொல்லவில்லை. பாய் அதைத் தன் ஸ்டாண்ட் குரூப்பிலும், தெரிந்த மற்ற குரூப்களிலும் போட்டார். லாட்ஜ் மேனேஜருக்கும் அனுப்பினார். அவர் கேட்டுவிட்டார் என்று நீலக் குறி காட்டியது. பதில் ஒன்றும் வரவில்லை. வீடியோ போன தூரம் அந்தக் குரல் போயிருக்காது என்று எனக்குத் தெரியும்.

அதன் பிறகுதான் சிறுமலை. திண்டுக்கல்லில் இருந்து இருபத்தைந்து கிலோமீட்டர். பேருந்துகள் குறைவு, திரும்பும் நேரத்தை நடத்துனரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். முரளிக்கு ஜன்னல் இருக்கை கிடைத்தது. முன் இருக்கையில் இரண்டு பேர் போனைப் பார்த்துவிட்டுப் பின்னால் திரும்பிப் பார்த்தார்கள். கிரிக்கெட்டாகவும் இருக்கலாம். வளைவுகளை அவன் எண்ணிக்கொண்டு வந்தான், நான் அந்த இரண்டு பேரையே பார்த்துக்கொண்டு வந்தேன். மலை எப்படி இருந்தது என்று என்னைக் கேட்டால் சொல்லத் தெரியாது.

மேலே குளிர் இதமாக இருந்தது. ஒரு டீக்கடையில் உட்கார்ந்தோம், வாசலில் வாழைத்தார்கள் தொங்கின. முரளி மாத்திரையை எடுத்துத் தண்ணீர் கேட்டான். எதுக்குப்பா மாத்திரை என்று கடைக்கார அம்மா கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அவனே, “மனசுக்குங்கம்மா” என்றான். அந்த அம்மா அவனை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். தண்ணீரை வைத்தார். பிறகு, பலகை மேல் கிடந்த பழம் நறுக்கும் கத்தியை மெதுவாக எடுத்து உள்ளே கொண்டுபோய் வைத்தார். திரும்பி வந்து, டீக்குச் சீனி எம்புட்டு என்று கேட்டார்.

முரளி அதைப் பார்த்தான் என்று எனக்குத் தெரியும். பழம் நறுக்கி முடித்திருப்பார்கள் என்று மெதுவாகச் சொன்னேன்.

“இல்லக்கா. பயந்துட்டாங்க. ஆனா டீ குடுத்தாங்கல்ல.”

குடித்த கிளாஸை அவனே கொண்டுபோய் வைத்தான். எந்தத் தார் நன்றாகப் பழுத்திருக்கிறது என்று கேட்டான். அந்த அம்மா முதலில் ஒற்றை வார்த்தையில்தான் பதில் சொன்னார். இந்த ஊர்ப் பழம் தோல் கறுத்தாலும் உள்ளே கெடாதாமே என்று அவன் கேட்டதும் பேச்சு நீண்டது. கடைசியில் உள்ளே போய்க் கத்தியை எடுத்துவந்து, அவன் பக்கத்தில் நின்று, அவன் காட்டிய தாரிலிருந்து ஒரு சீப்பு அறுத்துக் கொடுத்தார்.

உங்கள் வீட்டிலும் முரளி மாதிரி ஒருவர் இருந்து, வெளியூர் கூட்டிப்போக யோசித்துக்கொண்டிருந்தால், கூட்டிப்போங்கள். மருந்துச் சீட்டையும் அடையாள அட்டையையும் பெரிய பையில் போடாதீர்கள், கையோடு வைத்திருங்கள். மாத்திரை இரண்டு நாளுக்குக் கூடுதலாக இருக்கட்டும். மாடி அறை கேட்டு, இல்லை என்றால் காரணம் கேளுங்கள். கூட்டம் சூழ்ந்தால் உடனே காவல்துறைக்குப் போன் செய்யுங்கள், நான் செய்ததுபோல் பொய் தேடிக்கொண்டு நிற்காதீர்கள்.

இதை எழுதி முடித்து முரளியிடம் படிக்கக் கொடுத்தேன். எல்லாம் சரி, முக்கியமானதை விட்டுவிட்டாய் என்றான். அவன் சொன்னபடியே சேர்க்கிறேன்: யாராவது உங்களிடம் வந்து, கூட இருப்பவரைக் காட்டி, இவருக்கு என்ன என்று கேட்டால், அவரையே கேட்கச் சொல்லுங்கள். அவர் சொல்வார்.