ஒரு வாத்தியாரை ரயிலேற்ற ஒன்றரை மூட்டை வெங்காயம்

எண்பதுகளின் தொடக்கத்தில், ஒரு தை மாதம், குன்னத்துக்குப் பக்கத்திலுள்ள எங்கள் ஊரிலிருந்து அரியலூருக்கு மாட்டுவண்டியில் போனேன். எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்ல, அன்று மூன்றாம் வகுப்பிலிருந்த என் மகள் எழுதுகிறாள்.

எங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஒரே வாத்தியார். அவருக்கு மெட்ராசில் பத்து நாள் அறிவியல் பயிற்சி. தங்க இடம் உண்டு. போகவர, சாப்பிட, தொண்ணூறு ரூபாய் கைக்காசு வேண்டும். பில் பிறகுதான் பாஸாகும். நாலு மாதமாகச் சம்பளமில்லாத மனுசன், "வரவில்லை" என்று எழுதிவிடப் பார்த்தார்.

எங்கள் பெண்களுக்கு, பிடுங்கிய வெங்காயத்தின் தாளை, அதாவது மேல்தழையை, அறுத்தால் கூலி வெங்காயம்தான். அதிலிருந்து வாத்தியாருக்காக ஆளுக்கு நாலு படி கொண்டுவந்து கொட்டினார்கள். இரண்டு மூட்டை சேர்ந்தது.

வாத்தியாரையும் மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு காலை ஐந்து மணிக்குக் கிளம்பி, இருபது கிலோமீட்டர் ஓட்டி, பத்தரைக்கு அரியலூர் கடைத்தெருவில் நின்றோம். ரயில் இரண்டு மணிக்கு. மண்டிக்காரர் சாக்கில் கைவிட்டுப் பார்த்துச் சிரித்தார்.

"என்னய்யா இது, காஞ்சது, பச்சை, பொடி எல்லாம் ஒண்ணாக் கெடக்கு? ரெண்டு மூட்டைக்கும் நாப்பது ரூவா."

அவர் சொன்னது நியாயம். கூலியாக வருவது எப்போதும் கலவைதான். அதைப் பிரிக்க வேண்டும் என்றே எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

"வண்டியத் திருப்புங்க, பெரியவரே" என்றார் வாத்தியார். அப்போது எனக்கு முப்பத்தைந்து வயதுதான். என் நரைக்கு அவர் கொடுத்த மரியாதை அது.

"திருப்பினா எங்க வூட்டு பொம்பளைங்க என்னையத் தாளறுத்துடுவாங்க சார்."

ஸ்டேஷன் எதிரே வேப்பமரத்தடியில் சாக்கைப் பிரித்துத் தரம் பிரித்தோம். எனக்குக் கூவ வெட்கம். வாத்தியாரே கூவினார். வகுப்புக் குரல், தெருக்கோடி வரை கேட்டது.

"வாத்தியாரா இருந்துட்டு தெருவுல கத்துறீங்களே சார்?" என்றாள் அவரைத் தெரிந்த ஒரு அம்மாள்.

"தினம் கத்துறதுதாம்மா. இங்கதான் ஆளுங்க திரும்பிப் பாக்குறாங்க."

அவள் மூன்று கிலோ வாங்கினாள்.

ஒன்றரை மணிக்கு அறுபத்திரண்டு ரூபாய். அரை மூட்டை மிச்சம். போக டிக்கெட் பதினைந்து. மீதியில், இழுத்துப் பிடித்தால், சாப்பாடு அடங்கும். திரும்பி வர?

வாத்தியார் போய் போகிற டிக்கெட்டை மட்டும் வாங்கி வந்தார். பிறகு அரை மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு ஏறிவிட்டார்.

பொழுது சாய ஊர் சேர்ந்தேன். பெண்கள் வண்டியைச் சூழ்ந்தார்கள்.

"எவ்வளவு கெடச்சுது?"

"சார் ரயிலேறிட்டாரு."



பன்னிரண்டாம் நாள் வாத்தியார் வந்து இறங்கினார். மிச்ச வெங்காயத்தை அவர் தங்கிய விடுதியின் சமையல்காரர் காசு கொடுத்து வாங்கிக்கொண்டாராம்.

இப்போது அந்த வழியைப் பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குள் கடக்கலாம். தை, மாசியில் போனால் வழியெல்லாம் வெங்காய வாசனை. உங்கள் ஊர் வாத்தியார் எங்காவது படிக்கப் போகவேண்டியிருந்தால், முழுத்தொகை சேரட்டும் என்று உட்காராதீர்கள். போகிற செலவு கையில் வந்ததும் ஏற்றிவிடுங்கள். பில் பாஸாகும் வரை எந்தப் பயிற்சியும் காத்திருக்காது.