வெருளியும் இரண்டு புற்றுகளும்

எழுத்துப் பிழை இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூச்சம். எழுதும்போது யாருடைய முகத்தையும் பார்க்கத் தேவையில்லை என்பதால் துணிந்தேன். மறதியும் உண்டு, முன்னே நடந்ததைப் பின்னே சொல்லியிருப்பேன்.

சண்டைக்காலம். அப்போது நாங்கள் வாவிக்கு மேற்கே, வவுணதீவுப் பக்கம் இருந்தோம். வயல்வெளியை நாங்கள் வட்டை என்போம். நெல் வேளாண்மை விளைந்திருந்ததால் எங்கள் வீட்டுக்காரர் பன்றிக் காவலுக்கு வட்டைக்குப் போய், மூன்று நாளாக அங்கே வாடிக் குடிசையில் தங்கியிருந்தார். அன்று மத்தியானச் சோற்றுக்கு வீட்டுக்கு வருவதாகச் சொல்லிப் போனவர். காலையில் அவருடைய அழுக்குச் சேர்ட்டைத் துவைக்க எடுத்தால், பையில் அவருடைய அடையாள அட்டை கிடக்கிறது.

முதல் நாள்தான் ரோட்டில் மதகடியில் புதிதாக ஆமிச் சென்றி, அதுதான் காவலரண், போட்டிருந்தார்கள். அவருக்கு அது தெரியாது. அட்டை இல்லாமல் அங்கே அகப்பட்ட ஆம்பிளையை வீட்டுக்கு விடமாட்டார்கள். எங்கே கொண்டுபோனார்கள் என்று நாங்கள் கேட்கவும் முடியாது. மதகடியிலேயே காத்து நிற்கலாம் என்றால், சென்றிக்குப் பக்கத்தில் யாரும் சும்மா நிற்கக் கூடாது. அவர் வாடியை விட்டு வெளிக்கிட முன்னம் அட்டை அவர் கைக்குப் போக வேண்டும்.

துணைக்கு அவருடைய தங்கச்சியைக் கூப்பிட்டேன். எனக்கு மச்சாள். எனக்குக் கொடுக்காமல் விட்ட வாயையும் கடவுள் அவளுக்கே கொடுத்திருந்தார். அட்டையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு நடந்தேன். சென்றியில் எங்கள் இரண்டு பேருடைய அட்டையையும் பார்த்துவிட்டுப் போகச் சொன்னார்கள். மூன்றாவது அட்டை நெஞ்சில் சுட்டுக்கொண்டிருந்தது.

மதகைத் தாண்டினால் வாய்க்கால் கட்டு. கட்டோரம் மருத மரங்கள். அதற்கு அங்கால் வயல், வயலுக்கும் அங்கால் இன்னொரு பெரிய வரம்பு.

அந்த நாளில் வெளியில் நடக்கிற எல்லோருக்கும் ஒரு பழக்கம் இருந்தது. நாங்கள் நடந்தால், நிற்கிற சாமானெல்லாம் நடக்கும். பக்கத்து மரம் பின்னுக்கு ஓடும். வயல் நடுவில் நிற்பது பின்னுக்கு மெல்லப் போகும். தூரத்து மலை எங்களோடு கூடவே வரும். இத்தனைக்குள் உண்மையாக நடக்கிறது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதனால் எதையாவது கண்டால் சட்டென்று நின்றுவிடுவோம். அதுவும் நின்றால் மரமோ, புற்றோ, பறவை விரட்ட வயலில் கட்டிய வெருளிப் பொம்மையோ, பயமில்லை. நாங்கள் நின்ற பிறகும் போனால் அது ஆள். ஆள் என்றால் குனிந்துவிட வேண்டும்.

பாதிக் கட்டுப் போயிருப்போம்.

"மச்சாள், அங்க பாருகா, ஒரு ஆள் போகுது."

அங்கால் வரம்பில், கதிருக்கு மேலே, தலையில் சாக்கு மூடிய ஒன்று பின்னுக்குப் போய்க்கொண்டிருந்தது.

"நில்லுகா" என்றேன். நின்றோம். அதுவும் நின்றது. கை அசையவில்லை, தலை அசையவில்லை.

"வெருளி" என்றேன்.

"வெருளி ஒள்ளம் கெதியாப் போன மாதிரிக் கிடந்திச்சே." ஒள்ளம் கெதியா என்றால் கொஞ்சம் வேகமாக.

"நீ கெதியா நடந்தா அதுவும் கெதியாத்தான் போகும்."

அந்த ஒரு நிமிடம் நான் பெரிய படிப்பாளி. மச்சாள் இன்னொரு தடவை பார்த்தாள். "யாரோ நல்லாத்தான் கட்டியிருக்காங்க. எங்கட அண்ணன விட லெட்சணமா நிக்குது." சிரித்துக்கொண்டே நடந்தோம். பிறகு மரங்கள் அதை மறைத்துவிட்டன.

வாடியில் யாரும் இல்லை. அடுப்புச் சாம்பல் சூடாக இருந்தது. வயல் நடுவில் எங்கள் வெருளி, என்னுடைய பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு கையை விரித்து நின்றது. மச்சாள் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"எங்கட வெருளி இஞ்ச நிக்குது. அப்ப அங்க சாக்கோட நிண்டது ஆருட வெருளிகா?"

வரம்பில் யாராவது வெருளி கட்டுவார்களா? அப்போதுதான் எனக்கு விளங்கியது. அன்றைக்கு ஓடியது போல நான் என் கலியாணத்துக்குப் பிறகு ஓடியதில்லை. ஓடும்போது மரம், வானம், வாய்க்கால் எல்லாம் துள்ளுகின்றன. தூரத்தில், ரோட்டுப் பக்கம், ஒரு புள்ளி தெரிந்தது. அது கிட்டே வருகிறதா, எட்டப் போகிறதா? நின்று பார்த்தால் தெரியும். நின்றால் அவர் போய்விடுவார்.

நல்ல காலம், எங்கள் வீட்டுக்காரர் சேற்றுக் காலோடு ரோட்டில் ஏறமாட்டார். மாப்பிள்ளை போலக் காலைத் தேய்த்துத் தேய்த்து வாய்க்காலில் கழுவிக்கொண்டிருந்தார். நாங்கள் கூப்பிடு தூரம் வர, அவர் எழும்பிச் சாக்கைத் தலையில் போட்டு, இடுப்புச் சாரத்தைச் சரி செய்துகொண்டு ரோட்டைப் பார்த்து நடக்கத் தொடங்கினார். கூச்சத்தை விட்டு, "இஞ்சேருங்க!" என்று கத்தினேன். புருஷன்மாரை நாங்கள் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. புல்லு வெட்டிக்கொண்டிருந்த இரண்டு பேர் கிறுகிப் பார்த்தார்கள். என்னுடையவர் பார்க்கவில்லை.

"அண்ணே!" என்று மச்சாள் போட்டாள் ஒரு சத்தம். அதற்குத்தான் திரும்பினார்.

அட்டையைக் கொடுத்துச் சென்றியைப் பற்றிச் சொன்னேன். அவர் அட்டையைச் சாரத்து மடியில் செருகி, இருக்கிறதா என்று இரண்டு தடவை தொட்டுப் பார்த்தார்.

"நீங்க எந்த வழியால வந்தனீங்க?" என்றேன்.

"தண்ணி பாத்துக்கொண்டு அங்கால வரம்பால வந்தன். நீங்க கட்டால வந்தா கண்டிருப்பனே. அங்க ஒருத்தரும் வரல்ல."

"ஒருத்தரும் வரல்லயா?"

"ரெண்டு புத்துத்தான் கிடந்திச்சு. போற மாதிரித் தெரிஞ்சிச்சு. நிண்டு பாத்தன், அதுகளும் நிண்டிட்டு. புத்துத்தான் எண்டு வந்திட்டன்."

மச்சாள் வாய்க்கால் கட்டிலேயே குந்திவிட்டாள். சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. "புத்துக்குள்ள பாம்பு ஒண்டும் காணல்லயா அண்ணே?"

"ஒண்டு ஒள்ளம் அகலமா இருந்திச்சு. அது நீயாத்தான் இருக்கும்."

மூன்று பேரும் சென்றிக்குப் போனோம். ஆமிக்காரன் அட்டையையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். அந்த நேரம் நாங்கள் நின்ற நிலைக்கு எந்த வெருளியும் நின்றிருக்காது. பிறகு அட்டையைத் திருப்பிக் கொடுத்தான்.

வீட்டில் சோறு ஆறிப்போயிருந்தது. அவர் இரண்டு கோப்பை சாப்பிட்டார். "வெருளிக்கு இன்னும் ஒள்ளம் கறி போடுகா மச்சாள்" என்றாள் அவருடைய தங்கச்சி.

கடைசி மட்டும் அவர் ஒன்றை ஒத்துக்கொள்ளவில்லை. தான்தான் முதலில் நின்றதாம், தன்னைப் பார்த்துத்தான் நாங்கள் நின்றோமாம். நாங்கள்தான் முதலில் நின்றோம் என்று எனக்கு நினைவு. மச்சாள் இப்போது மண்டூரில் மகளோடு இருக்கிறாள். இதைத் திருத்தித் தரப்போகிற என் மருமகள் ஒரு தடவை அவளிடம் கேட்டுப் பார்க்க வேண்டும். யார் முதலில் நின்றது, கட்டோரம் நின்றது மருத மரம்தானா, மூன்று நாள் காவலா நாலா. அகலமான புற்று எது என்பதை மட்டும் கேட்க வேண்டாம்.